சிசேரியனா, சுகப்பிரசவமா? கேள்வி பதில்

கேள்வி: 36 வாரம் ஆகிறது. குழந்தையின் கழுத்தில் தொப்புள் கொடி ஒரு சுற்று சுற்றியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் ஆபரேஷனே பண்ணிடலாம் என்கிறார்கள்.

அதற்காக மட்டும் வேண்டாம். சுமாராக நான்கு குழந்தைகளில் ஒன்று கழுத்தில் கொடியோடுதான் பிறக்கிறது. வயிற்றுக்குள் குழந்தை மூக்கால் மூச்சு விடுவதில்லை, எனவே கழுத்து இறுகி மூச்சு முட்டும் என்ற பயம் பொருந்தாது. கொடி நசுங்கி ரத்த ஓட்டம் குறைகிறதா என்பதுதான் கவலை. ரத்தக்குழாய்களைச் சுற்றி வழவழப்பான ஜெல்லி இருப்பதால் அது எளிதில் நசுங்காது. அப்படி நசுங்கினால் வலி நேரத்தில் இதயத்துடிப்பில் தெரிந்துவிடும். தலை வெளியே வந்ததும் கொடியைத் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுவார்கள். ரொம்ப இறுக்கமாக இருந்தால் கிளிப் போட்டு வெட்டுவார்கள்.

கேள்வி: முதல் குழந்தை சிசேரியன். இரண்டாவதாவது சுகப்பிரசவம் ஆகுமா அக்கா?

முதலில் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுங்க. அதில் பார்க்க வேண்டியது இரண்டு: ஏன் ஆபரேஷன் செய்தார்கள், கர்ப்பப்பையில் எந்த வெட்டு போட்டார்கள். வயிற்றுத் தோலில் தழும்பு குறுக்காக இருக்கிறதே என்று நினைக்காதீங்க. தோலில் குறுக்காகவும் உள்ளே கர்ப்பப்பையில் நெடுக்காகவும் வெட்டியிருக்கலாம்.

கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு என்றால் முயற்சி செய்யலாம். முயற்சி செய்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குக் கைகூடுகிறது. ஏற்கனவே ஒரு சுகப்பிரசவமும் நடந்திருந்தால் 85 முதல் 90. போன முறை குழந்தை தலை திரும்பாததால் ஆபரேஷன் என்றால் இந்த முறை வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தலை இறங்காமல் நின்றுபோய்ச் செய்தது என்றால் கொஞ்சம் குறையும், ஆனால் போய்விடாது. மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு போட்டிருந்தால் முயற்சியே வேண்டாம், கர்ப்பப்பை கிழியும் அபாயம் அதில் மிக அதிகம்.

குறுக்கு வெட்டிலும் 200 பேரில் ஒருவருக்குத் தழும்பு விட்டுப்போகலாம். அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்குவதுதான். வலிக்கும் வலிக்கும் இடையிலும் தழும்பில் நோவு நிற்காமல் இருப்பது, ரத்தப்போக்கு, இறங்கிய தலை மீண்டும் மேலே போவது ஆகியவையும் வரும். அதனால் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்க்கவும், உடனே ஆபரேஷன் செய்யவும், ரத்தம் ஏற்றவும் வசதியுள்ள இடத்தில் மட்டும்தான் இந்த முயற்சி. மிசோப்ரோஸ்டால் மாத்திரை வைத்து வலி வரவழைப்பது இவர்களுக்குக் கூடாது. இரண்டு பிரசவங்களுக்கும் நடுவே ஒன்றரை வருடத்துக்கும் குறைவாக இருந்தாலும் அபாயம் கூடும்.

கேள்வி: வலிக்குப் பயந்து சிசேரியன் கேட்பது தப்பா?

கேட்பதில் தப்பில்லை. ஆனால் சிசேரியனில் வலி இல்லாமல் போவதில்லை, பிரசவத்துக்குப் பிறகு வருகிறது; அதுவும் கைக்குழந்தையைத் தூக்க வேண்டிய நாட்களில். பயம் வலியைப் பற்றி மட்டும் என்றால் எபிடியூரல் (முதுகில் மருந்து செலுத்திப் பிரசவ வலியைக் குறைப்பது) பற்றி முதலில் கேளுங்க. அது போட்டால் சிசேரியனில்தான் முடியும் என்பது உண்மையல்ல. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளலாம்.

இன்னும் எத்தனை குழந்தை வேண்டும் என்பதையும் இப்போதே யோசியுங்க. ஒவ்வொரு சிசேரியனும் அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு (நஞ்சுக்கொடி, பிளாசென்டா) பழைய தழும்பில் வேரோடுகிற வாய்ப்பைக் கூட்டுகிறது. நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியபடி இருக்கும் பெண்களில், முன்பு ஒரு சிசேரியன் ஆனவர்களுக்கு அது நூற்றுக்குச் சுமார் 11, இரண்டு ஆனவர்களுக்கு 40, மூன்று ஆனவர்களுக்கு 61. அப்படி வேரோடினால் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். ஒரு குழந்தை போதும் என்பவருக்கும் மூன்று வேண்டும் என்பவருக்கும் அதனால்தான் என் பதில் ஒன்றாக இருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சுகப்பிரசவத்தில் கீழே கிழிதல் உண்டு, சிலருக்கு ஆசனவாய்த் தசைவரை போகும். இருமினால் சிறுநீர் கசிவதும் சிசேரியன் ஆனவர்களைவிட இவர்களுக்கு அதிகம். முக்கும்போது அந்த இடத்தில் வெதுவெதுப்பான துணி வைத்துக்கொண்டால் பெரிய கிழிசல் குறைகிறது.

எப்படி முடிவு செய்தாலும், வேறு மருத்துவக் காரணம் இல்லாத சிசேரியனை 39 வாரம் முடியும் முன் வைக்காதீங்க. நல்ல நாள் பார்த்து 37-இல் எடுக்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வர வாய்ப்பு அதிகம்.

கேள்வி: எனக்குக் கண் பவர் மைனஸ் 7. முக்கினால் விழித்திரை கிழியும் என்கிறார்களே?

கிழியாது. இது சிசேரியனுக்குக் காரணமே அல்ல.

கேள்வி: ஸ்கேனில் எடை 3.8 கிலோ. பெரிய குழந்தை என்கிறார்கள்.

ஸ்கேன் எடை 10 முதல் 15 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம். அதாவது உங்கள் குழந்தை 3.3 கிலோவாகவும் இருக்கலாம். சர்க்கரை இல்லாத தாய்க்கு 5 கிலோ, சர்க்கரை உள்ளவருக்கு 4.5 கிலோ என்ற கணிப்பு வந்தால்தான் எடையை மட்டும் வைத்து சிசேரியன் பேசுவார்கள்.

கேள்வி: மனைவிக்கு வலி வந்து, பாதியில் "முன்னேற்றம் இல்லை, ஆபரேஷன்" என்றால் நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

மூன்று கேள்வி போதும். கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது? அதே அளவில் எவ்வளவு நேரமாக நிற்கிறது? குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கிறது?

6 சென்டிமீட்டர் வரை மெதுவாகத் திறப்பது இயல்பு. 3, 4 சென்டிமீட்டரில் சில மணி நேரம் நிற்பதை "நின்றுபோச்சு" என்று சொல்லக் கூடாது. 6-க்கு மேல், பனிக்குடம் உடைந்து, நல்ல வலி இருந்தும் 4 மணி நேரம் அசையவில்லை, அல்லது வலி போதாமல் ஆக்ஸிடோசின் ட்ரிப்ஸ் ஏற்றியும் 6 மணி நேரம் அசையவில்லை என்றால் அது உண்மையான காரணம். முழுதாகத் திறந்தபின் முதல் பிரசவக்காரருக்கு 3 மணி நேரம்வரை முக்க விடலாம், எபிடியூரல் இருந்தால் இன்னும் கொஞ்சம். இவை எல்லாம் தாயும் குழந்தையும் நன்றாக இருக்கும்வரைதான்.

கொடி முதலில் வெளியே வந்துவிட்டது, நஞ்சு பிரிந்து ரத்தம் கொட்டுகிறது, துடிப்பு இறங்கி ஏறவே இல்லை என்றால் கேள்வி கேட்டு நிற்காதீங்க. கையெழுத்துப் போடுங்க.

கேள்வி: 36 வாரம், தலை மேலேயே இருக்கிறது. சிசேரியன்தானா?

அதற்கு முன் ஒரு வழி உண்டு. 36, 37 வாரத்தில் வயிற்றின் மேல் கைவைத்து குழந்தையைத் திருப்பிப் பார்க்கலாம், கிட்டத்தட்ட பாதிப் பேருக்குத் திரும்பும். நஞ்சு கர்ப்பப்பை வாயை மூடியிருந்தாலோ பனிக்குடம் உடைந்திருந்தாலோ செய்ய மாட்டார்கள். திரும்பாவிட்டால் பெரும்பாலும் சிசேரியன்தான்.

கேள்வி: ஆபரேஷன் நேரத்தில் எதுவும் தெரியுமா? முதுகு ஊசியால் காலம் முழுக்க முதுகுவலியாமே?

முதுகுவலிக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. சிலருக்கு வருவது தலைவலி: உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். அதற்கு வைத்தியம் உண்டு, சொல்லாமல் இருக்காதீங்க.

ஊசி போட்டதும் நெஞ்சுக்குக் கீழே மரத்துவிடும். கூர்மையான வலி இருக்காது, ஆனால் யாரோ உள்ளே இழுப்பதும் அழுத்துவதும் நன்றாகத் தெரியும். இதை முன்பே சொல்லாததால்தான் பலர் மருந்து வேலை செய்யவில்லை என்று பதறுகிறார்கள். உண்மையிலேயே வலித்தால் உடனே சொல்லுங்க. வெட்டியதிலிருந்து குழந்தை வெளியே வரப் பெரும்பாலும் 10 நிமிடம்கூட ஆகாது, மீதி நேரம் தையலுக்கு.

கேள்வி: வீட்டுக்கு வந்தபின்?

6 வாரத்துக்கு உங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீங்க. இருமும்போது தலையணையைத் தையலின் மேல் அழுத்திப் பிடியுங்க. ஒருக்களித்துப் படுத்தோ, குழந்தையை அக்குள் பக்கமாக வைத்தோ பால் கொடுத்தால் தையலில் பாரம் விழாது. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது சீழ், ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு முழுதும் நனைவது, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத் திணறல்: இதில் எது வந்தாலும் செக்கப் தேதிவரை காத்திருக்காமல் அன்றே போங்க.