ஹனோய் ஒலிநாடா: ஒரு கடிதம்

வணக்கம் சார்,

போரைப் பற்றிப் பாடும் இண்டி ஃபோக் ஆல்பங்களைக் கொஞ்ச நாளாகத் தேடிக் கேட்டு வருகிறேன். ஒரு கிட்டார், தணிந்த குரல், எங்கோ செத்துப்போனவர்களைப் பற்றிய வரிகள். முதலில் உருக்கமாக இருந்தது, போகப்போக ஒரு சங்கடம். இந்த வகைக்கு முன்னோடி என்று அமெரிக்க ஃபோக் பாடகி ஜோன் பயஸின் 1973 ஆல்பமான 'வேர் ஆர் யூ நௌ, மை சன்?' பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் பார்த்து அதையும் கேட்டேன். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே உருப்படி, இருபது நிமிடத்துக்கு மேல். சைரன், குண்டுச் சத்தம், நடுவில் அவர் கவிதை படிக்கிறார், கொஞ்சம் பாடுகிறார். அடுத்தவர் சாவின் சத்தத்தைப் பதிவு செய்து, ஊருக்குத் திரும்பி, இசைத்தட்டாக்கி விற்பது சரியா? கேட்கிற நமக்கும் 'நான் நல்லவன்' என்ற திருப்தியைத் தவிர வேறென்ன கிடைக்கிறது? என் அக்கா மகள் கல்லூரியில் பாட்டுக் குழு வைத்திருக்கிறாள், போரைப் பற்றிப் பாட்டு எழுதப் பார்க்கிறாள். அவளுக்கு இதைக் கொடுக்கலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் சங்கடம் நியாயமானதுதான். ஆனால் பயஸ் குண்டுச் சத்தத்தைப் பதிவு செய்வதற்காக, வியட்நாம் போரில் அமெரிக்காவை எதிர்த்த வட வியட்நாமின் தலைநகரான ஹனோய் போகவில்லை. 1972 டிசம்பரில், அங்கே சிறையிருந்த அமெரிக்கப் போர்க்கைதிகளுக்கு அவர்கள் வீட்டார் எழுதிய கிறிஸ்துமஸ் கடிதங்களைச் சுமந்துகொண்டு நான்கு பேர் போனார்கள். ஒருவர் டெல்ஃபர்ட் டெய்லர், நாஜிகள் மீதான பிந்தைய நியூரம்பெர்க் வழக்குகளில் அமெரிக்கத் தரப்பின் தலைமை வழக்கறிஞர். இன்னொருவர் யேல் இறையியல் கல்லூரியின் மைக்கேல் ஆலன். மூன்றாமவர் பாரி ரோமோ, வியட்நாமில் சண்டை போட்டுத் திரும்பி, பிறகு அதே போரை எதிர்த்த முன்னாள் ராணுவத்தார். நான்காமவர் பயஸ். அவர்கள் அங்கே இருக்கும்போதே, டிசம்பர் 18 இரவு, அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் வந்துவிட்டன. கிறிஸ்துமஸ் நாளை மட்டும் விட்டுவிட்டு 29ஆம் தேதி வரை சுமார் 20,000 டன் குண்டுகள் விழுந்தன. ஹனோய், ஹைஃபாங் இரண்டு நகரங்களிலும் சேர்த்துப் பொதுமக்களில் மட்டும் 1,600 பேருக்கு மேல் செத்ததாக வியட்நாமியர் கணக்கு.

அந்த நாட்களில் விடுதியின் பதுங்கு அறையில், இருட்டில், முன்பின் தெரியாதவர்களோடு உட்கார்ந்துகொண்டு அவர் ஓடவிட்ட டேப் ரிக்கார்டரில் பதிந்ததைத்தான் நீங்கள் கேட்டீர்கள். மேலே விழுந்துகொண்டிருந்த குண்டு அவர் மேலும் விழுந்திருக்கலாம். பயந்து நடுங்கியதை அவர் ஒளிக்கவும் இல்லை, பின்னாளில் எழுதிய தன்வரலாற்றிலும் அதை அப்படியே சொல்லியிருக்கிறார். அதனால் 'அடுத்தவர் சாவின் சத்தம்' என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பாதிதான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், பயஸ் உயிரோடு வீடு திரும்பினார், ஹனோயின் காம் தியென் தெருக்காரர்கள் நிறைய பேர் திரும்பவில்லை. டிசம்பர் 26 இரவு அந்தத் தெருவில் விழுந்த குண்டுகளில் சுமார் 280 பேர் செத்தார்கள். பயஸ் அங்கே போய்ப் பார்த்தபோது, இடிபாடுகளுக்கு மேல் ஒரு தாய் தன் மகனைக் கூப்பிட்டு, இப்போது எங்கே இருக்கிறாய் என்று அழுதுகொண்டிருந்தார். ஆல்பத்தின் பெயர் அந்த அழுகைதான். அப்போது பயஸின் மகனுக்கு மூன்று வயது, கலிஃபோர்னியாவில் பத்திரமாக இருந்தான். பயஸ் அந்தத் தாயின் இடத்தில் நின்று 'நான்' என்று பாடவில்லை. அவர் கேட்டதை நமக்குச் சொல்கிறார், அவ்வளவுதான். போர்ப் பாட்டு எழுதுகிற பலர் வழுக்குவது இந்த இடத்தில். செத்தவரின் குரலை எடுத்துத் தன் தொண்டையில் மாட்டிக்கொள்கிறார்கள், ஒரே மெட்டில் எல்லாருடைய துக்கமும் ஒன்று என்று ஆகிவிடுகிறது. உங்களை உறுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன், அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். அந்தக் குண்டு அவருடைய நாட்டின் குண்டு, அவருடைய வரிப்பணத்தில் செய்தது. வருமான வரியில் 60 சதவீதம் ராணுவத்துக்குப் போகிறது என்று சொல்லி 1964லேயே அந்தப் பங்கைக் கட்ட மறுத்தவர் அவர். 1967ல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ராணுவ ஆள்சேர்ப்பு மையத்தை மறித்துக் கைதானார். அன்றைய கணவர் டேவிட் ஹாரிஸ் படையில் சேர மறுத்ததற்காகச் சிறை போனவர். இவ்வளவுக்கும் பிறகுதான் ஹனோய். டிசம்பர் 22ஆம் தேதி ஹனோயின் பாக் மாய் மருத்துவமனை மேல் குண்டு விழுந்து மருத்துவர், செவிலியர், மாணவர் என்று 28 ஊழியர்கள் செத்தபோது, சேதம் பெரிதில்லை என்ற தொனியில் வாஷிங்டன் பேசிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு அமெரிக்கப் பாடகி அந்த இரவுகளின் சத்தத்தை அமெரிக்க வீடுகளின் இசைத்தட்டுப் பெட்டியில் போய் வைப்பதற்குப் பெயர் வியாபாரம் என்றால், அந்த வியாபாரத்தை இன்னும் நாலு பேர் செய்திருக்க வேண்டும் என்பேன். தட்டு வெளியானபோது போர் நிறுத்தத்துக்கான பாரிஸ் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது, பலருக்கு மறந்துவிட ஆசையாக இருந்த நேரம்.

குறையே இல்லையா என்றால், இருக்கிறது. முதல் பக்கம் நாஷ்வில்லில் பதிவான வழக்கமான பாட்டுகள், இரண்டாம் பக்கத்தோடு ஒட்டவே இல்லை. கவிதையும் எல்லா இடத்திலும் ஒரே தரம் இல்லை, சைரன் சத்தமே போதுமாக இருக்கும் இடங்களில் அவர் இன்னும் நாலு வரி சொல்கிறார். பாட்டு என்றே சொல்ல முடியாதபடி இருக்கிறதே என்றால், அதில் எனக்கு வருத்தமே இல்லை. அவ்வளவு அழகான குரலை வைத்துக்கொண்டு, ரேடியோவில் போட முடியாத நீளத்துக்கு, அழகில்லாத ஒன்றைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும்.

திருப்தியைத் தவிர என்ன கிடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கேட்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்று நான் எப்படிச் சொல்ல? பாடியவர் அதோடு நிற்கவில்லை என்பதைச் சொல்கிறேன். போர் முடிந்து, வடக்கு ஜெயித்து, 1979 வந்தது. வியட்நாமிலிருந்து தப்பி வந்தவர்கள் 'மறுகல்வி' முகாம்களைப் பற்றி, விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். பயஸ் விசாரித்தார், நம்பினார், அந்த மே மாதம் வியட்நாம் அரசுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதிப் பெரிய அமெரிக்க நாளிதழ்களில் வெளியிட்டார். குண்டுவீச்சுக்கு நடுவில் யாரோடு பதுங்கியிருந்தாரோ, அவர்களுடைய அரசுக்கே! போர் எதிர்ப்பில் கூட நின்ற பழைய தோழர்கள் பலர் கோபப்பட்டார்கள், நடிகை ஜேன் ஃபோண்டா கையெழுத்துப் போட மறுத்தார். அப்புறம் ஜூலையில், கடலில் தத்தளித்த வியட்நாமிய அகதிகளுக்காக லிங்கன் நினைவிடத்தில் பாடி, கூட்டத்தோடு வெள்ளை மாளிகை வரை நடந்தார். அவர்களைக் காப்பாற்ற அதிபர் கார்ட்டர் கடற்படைக் கப்பல்களை அனுப்பினார்.

காம் தியெனில் அந்தத் தாயைக் கேட்ட அதே காதுதான் ஏழு வருடம் கழித்து முகாமிலிருந்து வந்த கைதியையும் கேட்டது என்று நான் நினைக்கிறேன். ஒரு தரப்பின் பிணங்களுக்கு மட்டும் அழுதுகொண்டிருந்தால் அவருக்குப் பாராட்டு குறையாமல் கிடைத்திருக்கும். இரண்டு பக்கமும் திட்டு வாங்கினார், வாங்கிக்கொண்டே செய்தார். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு 1973 ஒலிநாடா மேல் இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் போய்விட்டது.

இன்று வீட்டு அறையில் ஒரு கிட்டாரோடு போரைப் பாடுகிறவர்கள் எல்லாரும் ஹனோய் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போகாமலே நல்லதாக எழுதலாம். ஆனால் குண்டு போட்டவர்களோடு எனக்கு என்ன தொடர்பு என்ற கேள்வி பாட்டில் எங்காவது இருக்க வேண்டும். அது இல்லாத பாட்டு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் எனக்கு இரண்டாம் முறை கேட்கத் தோன்றுவதில்லை.

உங்கள் அக்கா மகளுக்குத் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாம் பக்கத்தை மட்டும், வேறு வேலை பார்க்காமல் ஒரே மூச்சில் கேட்கச் சொல்லுங்கள். அந்த 1979 கடிதத்தையும் தேடிப் படிக்கச் சொல்லுங்கள், நீளமானதில்லை. அவள் பாட்டு எழுதி முடித்தால் எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.