முழங்கால் வலிக்கு வீட்டிலேயே என்ன செய்யலாம்?

களுவாஞ்சிகுடியில் நாள் முழுதும் குந்தியிருந்து பாய் இழைக்கும் 60 வயதுத் தாயாரின் முழங்கால் வலிக்கு வீட்டு வைத்தியம் கேட்டிருக்கிறீர்கள். எண்ணெய் பூசுவதைவிடத் தொடைத் தசையை வலுப்படுத்துவதே நீடித்த பலன் தரும். அத்தசை தளர்ந்தால், அது தாங்க வேண்டிய சுமை மூட்டின் மீது இறங்கிவிடுகிறது. கதிரையில் நிமிர்ந்து அமர்ந்து, ஒரு காலை மெல்ல நேராக நீட்டி, தொடை இறுகுவதைக் கையால் தொட்டு உணர்ந்தபடி 5 விநாடிகள் நிறுத்தி இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை, நாளுக்கு இருமுறை போதும். விறைப்புக்கு நொச்சியிலை அவித்த வெந்நீரில் துவாயை நனைத்துப் பிழிந்து, சூடு பொறுக்குமளவில் ஒத்தடம் கொடுக்கலாம் (இதமளிப்பது இலையைவிடச் சூடுதான் என்பது என் எண்ணம்). வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ்கட்டியே பொருந்தும். குந்துவதை அடியோடு விடச் சொன்னால் கேட்கமாட்டார்; அரைமணிக்கொருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். மூட்டு சிவந்து சூடேறிக் காய்ச்சலும் கண்டால், அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.