மார்க் பார்த்து செக்‌ஷன் பிரித்துவிட்டார்கள், என்ன செய்வது?

ஒரு வாசகியின் கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. ஆறாம் வகுப்பு ஆண்டுத் தேர்வு மார்க்கை வைத்து அவளை 'டி' செக்‌ஷனில் போட்டுவிட்டார்கள். தோழிகள் எல்லாரும் 'ஏ'. "நான் மக்கும்மா" என்று அழுகிறாள். பள்ளியை மாற்றிவிடலாமா?

அவசரப்படாதீர்கள். முதலில் அவளுடைய விடைத்தாள்களை எடுத்துப் பாருங்கள். மொத்த மார்க் குறைந்தது கணக்கில் மட்டும் என்றால், தமிழிலும் அறிவியலிலும் நன்றாகப் படிக்கும் பிள்ளையை எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துக் கீழே இறக்கியிருக்கிறார்கள். மொத்த மார்க்கை வைத்துப் பிரிப்பதில் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

சிங்கப்பூர் இதையே பல்லாண்டுகள் செய்தது. 12, 13 வயதுப் பிள்ளைகளை, வேகமாகப் படிப்பவர்கள் 'எக்ஸ்பிரஸ்', மற்றவர்கள் 'நார்மல்' என்று பிரித்தார்கள். 2024-இல் உயர்நிலை 1-இல் சேர்ந்தவர்களிலிருந்து அதைக் கைவிட்டார்கள். இப்போது வகுப்பில் எல்லாரும் கலந்து உட்காருகிறார்கள். கணக்கு, ஆங்கிலம் போன்ற பாடங்களை மட்டும் அவரவர் நிலைக்கேற்ப ஜி1, ஜி2, ஜி3 என்று படிக்கிறார்கள்; ஜி1 எளிது, ஜி3 கடினம். ஒன்றில் ஜி3, இன்னொன்றில் ஜி2 என்றும் இருக்கலாம்.

தலைமை ஆசிரியரைப் பார்த்து, அடுத்து எப்போது மாற்றிப் பிரிப்பீர்கள் என்று கேளுங்கள். "காலாண்டு முடிந்ததும்" என்றால் பொறுத்துப் பார்க்கலாம். "அடுத்த வருஷம்தான்" என்றால் எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். 'டி' செக்‌ஷனுக்குக் கணக்கு எடுப்பது யார் என்பதையும் கேட்டாக வேண்டும். அனுபவமுள்ள ஆசிரியர்களை 'ஏ'வுக்கு ஒதுக்கிவிட்டு, புதிதாகச் சேர்ந்தவரைக் கடைசி செக்‌ஷனுக்கு அனுப்பும் பள்ளிகளை நானே பார்த்திருக்கிறேன். தடுமாறும் பிள்ளைக்குத்தான் கைதேர்ந்த ஆசிரியர் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வீட்டில் ஒரு சின்னச் சோதனை. 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொல்லுங்கள். 2/5 என்று எழுதினால், மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டியிருக்கிறாள். பின்னமே இன்னும் பிடிபடவில்லை. 2/5 என்பது அரையை விடக் குறைவு. அரைச் சப்பாத்தியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரைக்கும் குறைவாகுமா என்று கேளுங்கள், அவளே சிரித்துவிடுவாள். தினமும் இருபது நிமிடம், ஐந்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்குங்கள்.

காலாண்டு முடிந்தும் ஆசிரியரும் மாறவில்லை, செக்‌ஷனும் மாறவில்லை என்றால், அப்போது வேறு பள்ளி பாருங்கள்.