சிகரெட் பிடிக்காத அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். ஜீன் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். அவசியமா, பணம் பிடுங்கும் வேலையா?

அவசியம். அம்மாவின் உடம்பு தாங்கும் நிலையில் இருந்தால், கீமோ ஏற்றுவதற்கு முன்னாலேயே ரிசல்ட்டை வாங்கிவிடப் பாருங்கள். நான் டாக்டர் இல்லை, மன்னார்குடிப் பக்கம் விவசாயம். என் அம்மாவுக்கு நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அம்மா வெற்றிலைகூடப் புகையிலை இல்லாமல்தான் போடுவார். இருமலுக்கு முதலில் டிபி என்று மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் தஞ்சாவூரில் ஸ்கேன், பயாப்சி. அடினோகார்சினோமா என்று வந்தது, நுரையீரல் புற்றில் அது ஒரு வகை. விசாரிக்க வந்தவர்களெல்லாம் "அப்பா பீடி குடிப்பாரோ?" என்றார்கள். அவரும் குடித்ததில்லை.

பயாப்சித் துணுக்கை மெழுகில் பதித்து லேபில் வைத்திருப்பார்கள், 'பிளாக்' என்பார்கள். தீப்பெட்டியை விடச் சின்ன பிளாஸ்டிக் சட்டம், நடுவில் வெள்ளை மெழுகு, அதற்குள் நூல்பிசிறு மாதிரி சதை. சித்திரை வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்று பஞ்சில் சுற்றி மாத்திரை டப்பாவுக்குள் வைத்து ஜீன் டெஸ்டுக்கு எடுத்துப்போனேன். ரிசல்ட்டில் இ.ஜி.எஃப்.ஆர் ஜீனில் 'எக்ஸான் 19 டெலிஷன்' என்று இருந்தது, அதாவது அந்த ஜீனில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டுப்போன மாற்றம். கீமோ வேண்டாம், அந்த மாற்றத்தைக் குறிவைக்கிற ஜெஃபிடினிப் மாத்திரை தினம் ஒன்று போதும் என்றார் டாக்டர். மாத்திரையால் முகமெல்லாம் பரு, நகக்கண்ணில் புண். ஆனால் இருமல் அடங்கி, நாற்றங்காலுக்கு வந்து ஆட்களை அதட்டுகிற அளவுக்குத் தேறினார்.

"அப்போ டெஸ்ட் இல்லாமலே மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கலாமே" என்று யாராவது வருவார்கள். கூடாது. இந்த மாத்திரையைக் கீமோவோடு ஒப்பிட்டு 2009-ல் வெளியான 'ஐபாஸ்' என்ற ஆய்வில், இந்த மாற்றம் உள்ளவர்களுக்குக் கீமோவை விட மாத்திரை நன்றாகக் கேட்டது. இல்லாதவர்களுக்குக் கீமோதான் மேல். மாத்திரையும் காலத்துக்கும் கேட்காது. புற்று மறுபடி வளரும்போது இன்னொரு டெஸ்ட், அதற்கேற்ற வேறு மருந்து.

இன்னொன்று, உறவுக்காரர்களிடம் இதைப் பற்றி வாயே திறக்காதீர்கள். எங்கள் அக்கா பெண்ணுக்கு வந்த வரன் "பரம்பரை வியாதியாமே" என்று நழுவிவிட்டது. இது கட்டிக்குள் ஏற்பட்ட மாற்றம், பேத்திக்கு இறங்குவதில்லை. (அபூர்வமாகச் சில குடும்பங்களில் வேறு மாதிரி உண்டு, அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள்.)

பணத்தைப் பற்றிக் கேட்டீர்கள். டெஸ்டுக்குக் கட்ட வேண்டிய நேரத்தில் எங்கள் நெல் கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டிவிட்டதாம். மழை எங்களைக் கேட்டுக்கொண்டா பெய்கிறது? மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் வைத்தால் மட்டும் அதே நெல் காய்ந்துவிடுகிறது. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், வயிற்றெரிச்சல்.

பயாப்சி ரிப்போர்ட்டில் 'ஸ்மால் செல்' என்ற வகைப் புற்று என்று இருந்தால் வைத்தியமே வேறு, நான் சொன்னது பொருந்தாது. இல்லையென்றால் இ.ஜி.எஃப்.ஆரோடு ஏ.எல்.கே, ஆர்.ஓ.எஸ் 1 என்ற மற்ற ஜீன்களையும் சேர்த்துப் பார்க்கிறார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிளாக்கில் சதை மிச்சம் இருக்கிறதா என்று இன்றைக்கே லேபில் விசாரியுங்கள். பற்றாவிட்டால் ரத்தத்தில் பார்க்க முடியுமா என்று கேளுங்கள்; அதிலும் தெரியாவிட்டால் சதை எடுக்க அம்மாவுக்கு மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்கும்.