வெளிக்கூண்டுக்கு மாற்றிய கோழிக்குஞ்சுகளுக்கு இன்னும் சூடு கொடுக்க வேண்டுமா?

இறகு முழுதாக முளைக்கும் வரை, அதாவது சுமார் 5, 6 வாரம் வரை, வேண்டும். தாய்க்கோழி இல்லாத குஞ்சுகளுக்கு விளக்கு வைத்துச் சூடு கொடுப்பதைத்தான் புரூடிங் என்கிறோம். சின்னக் குஞ்சின் உடம்பால் தன் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது; பூமயிரும் காற்றைத் தடுக்காது. மெல்லிய துண்டைப் போர்த்திக்கொண்டு மார்கழி விடியலில் பைக்கில் போவது மாதிரி.

முதல் வாரம் விளக்கடியில் சுமார் 35 டிகிரி செல்சியஸ். அப்புறம் வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். ஆனால் குஞ்சுகளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்கிறது. விலகி நின்று வாய் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். தரையில் பரப்பிய உமி நனைந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

சுற்றிலும் தார்ப்பாயால் இறுக்கி மூடினால் கதகதப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஈரமும் எச்ச நெடியும் உள்ளேயே தங்கி மூச்சுக்கோளாறுதான் வரும், கீழ்ப்பக்கம் மட்டும் மறைத்து மேலே காற்றுக்கு இடம் விடுங்கள்.