பையனுக்கு பேச்சு வரல, மூணு வயசு வரைக்கும் பொறுத்துப் பாக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்க பெங்களூரு முருகேஷ்பாளையால இருக்கோம். பையனுக்கு ரெண்டு வயசு ரெண்டு மாசம். நடந்ததே ஒன்றரை வயசுக்கு மேல தான். அம்மா, தா தவிர வேற வார்த்தை இல்ல, பேர் சொல்லி கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், ஏதாவது வேணும்னா என் கைய இழுத்துட்டு போய் ஃப்ரிட்ஜ் கதவு மேல வைக்கிறான். ஆம்பள புள்ள லேட்டா தான் பேசும், இவங்க அப்பாவும் அப்படித்தான்னு மாமியார் சொல்றாங்க. வழக்கமா போற கிளினிக்லயும் மூணு வயசு ஆகட்டும்னுட்டாங்க. வீட்ல தமிழ், கீழ் வீட்ல கன்னடம், விளையாட வர்ற புள்ளைங்க இந்தி, அதுல குழம்பிட்டானா? பெரிய ஆஸ்பத்திரில அப்பாயின்ட்மென்ட் மூணு மாசம் கழிச்சு தான் குடுத்திருக்காங்க.

பதில்: பொறுக்க வேணாம்மா. ஆம்பள புள்ளைங்க கொஞ்சம் லேட்டா பேசுவாங்கங்கறது உண்மை தான், ஆனா அந்த வித்தியாசம் ஒண்ணு ரெண்டு மாசம் இருக்கும், ஒரு வருஷம் எல்லாம் இருக்காது. ஒரு வயசுல பேர் சொன்னா திரும்பணும், ஒன்றரை வயசுல வேணுங்கறத விரல் நீட்டி காட்டணும், ரெண்டு வயசுல "பால் தா"ன்னு ரெண்டு வார்த்தை சேத்து சொல்லணும், உங்க பையனுக்கு இந்த மூணுமே இன்னும் வரல. பேச்ச விட எனக்கு பெருசா படறது நீங்க எழுதின அந்த ஃப்ரிட்ஜ் விஷயம். உங்க கைய இழுத்து வைக்கிறவன் உங்க மூஞ்சிய பாக்குறானான்னு இன்னைக்கே கவனிங்க, முடிஞ்சா அத ஒரு நிமிஷம் போன்ல வீடியோ எடுத்து வச்சுக்கோங்க, புது எடத்துல டாக்டர் முன்னாடி புள்ளைங்க வீட்ல செய்றத செய்யாது.

இது ஆட்டிசமா (மத்தவங்களோட பழகறதும் பேசறதும் வேற மாதிரி இருக்கற வளர்ச்சி வித்தியாசம்), வெறும் பேச்சு தாமதமான்னு எழுத்துல நான் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. ஆனா பிரச்சனை இன்னதுன்னு பேர் வச்சதுக்கு அப்புறம் தான் தெரபின்னு ஒண்ணும் இல்ல. மூளை வேகமா வளர்ற வயசு இது, அந்த மூணு மாசத்த சும்மா விட்டுடாதீங்க.

முதல்ல காது டெஸ்ட். பிஸ்கட் கவர் சத்தம் கேட்டா ஓடி வர்றான், காது நல்லா தான் இருக்குன்னு நிறைய பேர் விட்டுடுறாங்க, அது போதாது. அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்கு நடுக்காதுல நீர் கோத்துட்டு பாதி தான் கேக்கும். ஓஏஇ, பெரான்னு ரெண்டு டெஸ்ட் இருக்கு, பெரா தூக்கத்துல எடுக்கறது, அதனால காலைல சீக்கிரம் எழுப்பி விட்டு வழியில தூங்க விடாம கூட்டிட்டு போங்க. அப்படியே தைராய்டும் ஹீமோகுளோபினும் பாத்துடுங்க.

அந்த அப்பாயின்ட்மென்ட்ட கேன்சல் பண்ணாதீங்க, கூடவே உங்க ஊர் நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியோட குழந்தைகள் மனநல பிரிவுலயும், அது பக்கத்துலயே இருக்கற இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரிலயும் விசாரிங்க. ஒரு நாள் ஒதுக்க முடிஞ்சா மைசூர்ல பேச்சு, கேட்புக்குன்னே மத்திய அரசு நடத்துற ஆயிஷ் இருக்கு. 2013ல இருந்து ஆர்பிஎஸ்கேன்னு ஒரு அரசு திட்டமும் ஓடுது, அங்கன்வாடிக்கு வந்து குழந்தைங்கள செக் பண்ணி டிஇஐசிங்கற மாவட்ட மையத்துக்கு அனுப்புவாங்க, அங்க தெரபி இலவசம். அங்கன்வாடி டீச்சர்கிட்ட கேட்டா வழி சொல்லுவாங்க, நமக்கெதுக்கு அதெல்லாம்னு கூச்சப்படாதீங்க.

தனியார் சென்டர்ல சேத்தா ஒண்ணு மட்டும் பாருங்க, உங்கள உள்ள உக்கார விடுறாங்களா? முக்கா மணி நேரம் கதவ சாத்திட்டு, என்ன செஞ்சோம்னு சொல்லாம புள்ளைய கைல குடுத்து அனுப்புற எடம் வேணாம். வாரத்துல ரெண்டு நாள் அவங்க செய்றத மிச்ச நேரம் எல்லாம் வீட்ல செய்யப் போறது நீங்க தானே. ஸ்டெம் செல் போட்டா பேசிடுவான்னு விளம்பரம் வரும், லட்சக்கணக்குல கேப்பாங்க, கிட்டயே போகாதீங்க. ஆட்டிசத்துக்கு அது வேலை செய்யும்னு ஆதாரம் கிடையாது.

வீட்ல இப்பவே ஆரம்பிக்கலாம். அவன் உக்காந்திருந்தா நீங்களும் தரையில எதிர்ல உக்காருங்க, ஒரு கைல வாழப்பழம், ஒரு கைல பிஸ்கட், ரெண்டையும் உங்க கண்ணுக்கு பக்கத்துல பிடிச்சு "பழமா? பிஸ்கட்டா?"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க, நமக்கு அந்த அமைதி தாங்காது, நாமளே பதில் சொல்லிடுவோம், சொல்லாதீங்க. ஒரு பார்வையோ, கை நீட்டலோ, "ப"ன்னு ஒரு சத்தமோ எது வந்தாலும் "பழம்!"னு சொல்லி உடனே குடுத்துடுங்க. அழ விட்டு பிடிவாதமா சொல்ல வைக்கறது வேணாம். குளிக்க வைக்கும்போது ஒரு சொம்பு ஊத்திட்டு அடுத்தத தூக்கி பிடிச்சு நிறுத்துங்க, அவன் உங்கள நிமிந்து பாத்ததும் "ஊத்து"ன்னு சொல்லி ஊத்துங்க.

மொழி குழப்பத்தால இது வராது. மூணு மொழி கேட்டு வளர்ற புள்ளைங்க இந்த ஊர் முழுக்க நல்லா பேசுதுங்க. இங்கிலீஷ் மட்டும் பேசுங்கன்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உங்களுக்கு கொஞ்ச வர்ற மொழி தமிழ்னா தமிழ்லயே பேசுங்க. போன் குடுத்ததால தான் இப்படின்னு உங்கள யாராவது குத்தம் சொன்னா அதையும் மனசுல ஏத்திக்காதீங்க, ஆனா டிவி, போன் எல்லாம் சேத்து ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வாங்க, உலக சுகாதார நிறுவனம் ரெண்டு வயசுக்கு சொல்ற அளவு அது, அதுக்கும் கீழ குறைஞ்சா இன்னும் நல்லது.

மாமியார்கிட்ட சண்டை வேணாம், காது டெஸ்ட்டுக்கு அவங்களையும் கூட்டிட்டு போங்க.

இந்த மூணு மாசத்துல சொல்லிட்டிருந்த அம்மாவும் தாவும் நின்னு போனாலோ, கண்ணு நிலைகுத்தி கொஞ்ச நேரம் அசையாம இருந்தாலோ, வெட்டி இழுத்தாலோ அப்பாயின்ட்மென்ட் தேதிய பாக்காதீங்க, அன்னைக்கே குழந்தைகள் ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு போங்க.