பேஸ்பால் கேம் வாங்கலாமா?

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், பள்ளி சாஃப்ட்பால் அணியில் இருக்கிறான். வீட்டில் பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி தீபாவளிக்கு வரும்போது ‘எம்.எல்.பி. தி ஷோ’ பேஸ்பால் கேம் வாங்கி வரட்டுமா என்று கேட்கிறான். எங்களுக்கு கிரிக்கெட் தவிர எதுவும் தெரியாது. கொடுக்கிற காசுக்குத் தகுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தகும், அம்மா. ஆனால் எந்த வருடத்து டிஸ்க் என்பதைத் தம்பியிடம் இன்றே சொல்லிவிடுங்கள். இந்த கேம் வருடத்துக்கு ஒன்றாக வருகிறது. பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த கடைசிப் பதிப்பு ‘தி ஷோ 24’. 2025 பதிப்பிலிருந்து பிளேஸ்டேஷன் 5 (பிஎஸ்5) வேண்டும். கடைக்காரர் “புதுசு” என்று 25-ஐ எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் வீட்டில் ஓடாது. பெட்டி மேல் பிஎஸ்4 என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். பழைய பதிப்பு என்பதால் விலையும் இறங்கியிருக்கும்.

இந்த கேமின் உயிர் பேட்டிங்கில்தான். பந்து வீசுபவருக்கும் மட்டைக்காரருக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். கிரிக்கெட் பழகிய பையன் முதல் நாள் எல்லாப் பந்தையும் வீசி அடிப்பான், மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியே போவான் (மட்டையை வீசித் தவறவிட்டாலோ, நல்ல பந்தை அடிக்காமல் விட்டாலோ ஒரு ஸ்ட்ரைக்). மட்டைக்காரரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே விலகிப் போகும் பந்தை விட்டுவிட வேண்டும், அப்படி நாலு பந்தை விட்டால் ஓடாமலே முதல் பேஸ் (ரன் எடுக்கச் சுற்றிவர வேண்டிய நான்கு முனைகளில் முதலாவது) கிடைக்கும். இந்தப் பொறுமையை இவ்வளவு அழகாகப் பழக்கும் விளையாட்டு கேம் வேறொன்றை நான் பார்த்ததில்லை. சாஃப்ட்பால் ஆடும் பிள்ளைக்கு ஸ்ட்ரைக் கணக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால் சீக்கிரம் பிடித்துக்கொள்வான். பிகினர், ரூக்கி என்று கீழ்நிலையிலிருந்து தொடங்கட்டும். ஆட்டத்திறனைப் பார்த்துத் தானே கடினத்தைக் கூட்டும் ‘டைனமிக்’ நிலையும் உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது ‘ஸ்டோரிலைன்ஸ்’ பகுதி. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களை எம்.எல்.பி. என்ற அமெரிக்கப் பெரிய லீக்கில் சேர்க்கவில்லை. அவர்கள் தனியே நடத்திய நீக்ரோ லீக் ஆட்டங்களை, நீக்ரோ லீக் பேஸ்பால் அருங்காட்சியகத்தின் தலைவர் பாப் கெண்ட்ரிக் கதையாகச் சொல்ல, நம் பையன் அந்த வீரர்களாகவே நின்று ஆடுகிறான். 1953-இல் ஆண்கள் அணியில் இரண்டாம் பேஸில் ஆடிய டோனி ஸ்டோன் என்ற பெண்ணும் 24-ஆம் பதிப்பில் வருகிறார். வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் அவளையும் உட்காரவைத்துக் காட்டுங்கள்.

குறைகளும் இருக்கின்றன. வருணனை கொஞ்ச நாளில் அலுத்துவிடும், சொன்னதையே சொல்வார்கள். அணியை நிர்வகிக்கும் ‘ஃபிரான்சைஸ்’ பகுதியில் வருடா வருடம் பெரிதாக எதுவும் மாறுவதில்லை. ஆனால் அதை இணையம் இல்லாமல் ஆடலாம், நம் பக்கத்துக்கு அது பெரிய வசதி. எனக்குக் கோபம் வருவது ‘டைமண்ட் டைனஸ்டி’யில்தான். வீரர் அட்டைகளைச் சேர்த்து அணி அமைக்கும் பகுதி அது. ‘ஸ்டப்ஸ்’ என்ற கேம் காசை நிஜப் பணம் கொடுத்து வாங்கி அட்டைப் பொட்டலம் பிரிக்கலாம், உள்ளே என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். அடுத்த வருடப் பதிப்புக்கு அந்த அட்டைகள் வராது. சில வருடங்களில் பழைய பதிப்பின் சர்வரையும் மூடிவிடுவார்கள், அதோடு அந்தப் பகுதியே போய்விடும். ஒரு ரூபாய்கூட அதில் போட வேண்டாம். மகனுக்குக் குழந்தைக் கணக்கு தொடங்கி, ‘ஃபேமிலி மேனேஜ்மென்ட்’டில் மாதச் செலவு வரம்பைப் பூஜ்ஜியமாக வைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். டிவியில் ‘கேம் மோட்’ போடாவிட்டால் பட்டனை அழுத்தியதற்கும் மட்டை சுழல்வதற்கும் இடையே தாமதம் வரும், பையன் தன் திறமையைக் குறை சொல்லிக்கொள்வான். ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வருமே, அப்போது சேமித்த ஆட்டம் கெட்டுப்போகலாம். இன்வெர்ட்டரின் பின்பக்கம் யுபிஎஸ் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் மாற்றிவையுங்கள்.

கேள்வி: இதே கேம் லேப்டாப்புக்குக் குறைந்த விலையில் ஒரு இணையதளத்தில் இருக்கிறது. வாங்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: வேண்டாம். இது கணினிக்கு வெளியானதே இல்லை, விற்பவர் ஏமாற்றுகிறார். லேப்டாப்பில் பேஸ்பால் வேண்டுமென்றால் ‘சூப்பர் மெகா பேஸ்பால் 4’ பாருங்கள். பொம்மை உருவங்கள்தான், ஆனால் ஆட்டம் நல்ல ஆட்டம். ஏற்கெனவே பணம் கட்டிவிட்டிருந்தால் ரசீது, பணம் அனுப்பிய விவரம் இரண்டையும் எடுத்துவைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். வங்கிக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள்.